கோப்ராவின் நகலை வாங்கலாமா? சந்தேகங்களும் விளக்கங்களும்

2016 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் மான்டரேயில் நடந்த ஏலத்தில் ஒரு கார் ஒரு கோடியே 37 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு விலைபோனது. அமெரிக்கப் பந்தய வீரர் கேரல் ஷெல்பி 1962-இல் உருவாக்கிய முதல் கோப்ரா அது. சேஸி எண் சி.எஸ்.எக்ஸ். 2000. அதே ஜாடையில், அதே வாய் பிளந்த முகப்போடு ஒரு கோப்ரா இங்கிலாந்தில் முப்பதாயிரம் பவுண்டு அளவில் விற்பனைக்கு வருகிறது. கேட்டால், ‘நகல்தான், நல்ல நகல்’ என்று விற்பவரே சொல்கிறார்.

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இப்படிப்பட்ட கார்களை வாங்கி, ஒன்றிரண்டு கோடைக்காலம் ஓட்டிவிட்டு, விற்று, அடுத்ததற்குத் தாவுவதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் ஏராளம். இது ஏமாற்றா, சட்டப்படி சரியா, காசு மிஞ்சுமா என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எழும் கேள்விகளும் ஏராளம். முக்கியமானவற்றை எடுத்துக்கொள்வோம்.

நகல் கார் என்றால் என்ன? போலி கைக்கடிகாரம் மாதிரியா?

போலிக் கடிகாரம் தன்னை அசல் என்று சொல்லிக்கொண்டு விற்கப்படுகிறது. நகல் கார் அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. சொன்னால் அந்த நிமிடமே அது மோசடி.

நகல் என்ற ஒரே சொல்லுக்குள் மிக வேறான பண்டங்கள் இருக்கின்றன. அடிமட்டத்தில் இருப்பது கிட் கார். சேஸி, ஃபைபர் பாடி, நட்டு போல்ட்டு எல்லாம் பெட்டிகளில் வீட்டுக்கு வரும். வாங்கியவர் தன் கொட்டகையில் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து பூட்டிச் சேர்ப்பார். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வேர்ஹாமில் இயங்கும், 1995-இல் தொடங்கிய ஃபேக்டரி ஃபைவ் இந்த வகையில் பெரிய பெயர். இங்கிலாந்தில் பில்கிரிம், டாக்ஸ் போன்ற நிறுவனங்கள்.

அதற்கு மேலே, தொழிற்சாலையிலேயே முழுக்கச் செய்து வருபவை. சூப்பர்ஃபார்மன்ஸ் என்ற பெயரில் விற்கும் கோப்ராக்கள் தென்னாப்பிரிக்காவில், முன்பு போர்ட் எலிசபெத் எனப்பட்ட நகரில் உருவாகி அமெரிக்காவுக்குக் கப்பலேறுகின்றன. பெயின்ட் அடித்து, இருக்கை தைத்து, சக்கரம் மாட்டி எல்லாம் முடிந்திருக்கும். எஞ்சின் மட்டும் இருக்காது. எஞ்சினோடு வந்தால் முழு மோட்டார் வாகனமாகிவிடும், இறக்குமதி விதிகள் அத்தனையும் பாயும். அதனால் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் அமெரிக்காவில் தனியாக வாங்கிப் பொருத்துகிறார்கள். ‘ஃபோர்ட் வெர்சஸ் ஃபெராரி’ (2019) படத்தில் சீறிப் பாய்ந்த ஜி.டி. 40 கார்களில் பல இந்த நிறுவனத்தின் கைவேலைதான்.

உச்சியில் கிர்க்கம் போன்றவர்கள். யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த இவர்கள் அசலில் இருந்ததைப் போலவே அலுமினியத்தில் பாடி அடிக்கிறார்கள். போலந்தில் ஒரு காலத்தில் மிக் போர் விமானங்கள் செய்த ஆலையில்தான் அந்தத் தகடு வேலையைத் தொடங்கினார்கள். சோவியத் கூட்டணி கலைந்தபின் வேலையில்லாமல் நின்ற தேர்ந்த கைகளுக்கு இப்படி ஒரு பிழைப்பு கிடைத்தது.

எங்கு பார்த்தாலும் கோப்ராவின் நகலே தெரிவது ஏன்?

கோப்ராவே ஒரு ஒட்டுச்செடி என்பதுதான் காரணம். லண்டனுக்கு அருகே தேம்ஸ் டிட்டனில் ஏ.சி. கார்ஸ் என்ற சிறு நிறுவனம் ஏஸ் என்ற மெல்லிய இரட்டை இருக்கைக் காரைச் செய்துகொண்டிருந்தது. அதற்கு எஞ்சின் கொடுத்துவந்த பிரிஸ்டல் நிறுவனம் உற்பத்தியை நிறுத்தியது. 1959-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை ராய் சால்வடோரியுடன் சேர்ந்து வென்றவர் ஷெல்பி. இதய நோயால் பந்தயத்தை விட்டிருந்தார். எஞ்சினில்லாமல் நின்ற ஏ.சி.க்குக் கடிதம் எழுதினார், ஃபோர்டிடம் வி8 எஞ்சின் கேட்டார், இரண்டையும் ஒன்றாக்கினார். 1967 வரை எல்லாம் சேர்த்து ஆயிரத்துக்கும் குறைவான கோப்ராக்களே வந்தன. 1965-இல் ஜி.டி. பிரிவு உலகப் பட்டத்தில் ஃபெராரியை வீழ்த்தியவை இவற்றின் குடும்பம்தான்.

செய்வோர் கண்ணால் பாருங்கள். இரண்டு தடித்த குழாய்களை அடிப்படையாகக் கொண்ட சேஸி. நல்ல வெல்டர் ஒருவரால் முடியும். எஞ்சின், அமெரிக்காவில் எந்தப் பழைய பாகக் கடையிலும் கிடைக்கும் வி8. கண்ணாடி ஏற்றி இறக்கும் வேலை இல்லை, கூரை இல்லை. அசல் கைக்கெட்டாத விலை. நகலெடுக்க இதைவிட வசதியான கார் கிடையாது.

அடுத்த இடம் போர்ஷே 356 ஸ்பீட்ஸ்டருக்கு. நியூயார்க் இறக்குமதியாளர் மேக்ஸ் ஹாஃப்மனின் வற்புறுத்தலால் 1954-இல் பிறந்த கார். மூவாயிரம் டாலருக்கும் சற்றுக் குறைவாக விற்றது. போர்ஷேயின் வேர் ஃபோக்ஸ்வாகன் பீட்டில்தான் என்பதால், பீட்டிலின் அடித்தளத்தில் சுமார் 30 செ.மீ. வெட்டியெடுத்து ஒட்டினால் ஸ்பீட்ஸ்டரின் அளவு வந்துவிடும். மேலே ஃபைபர் பாடியைக் கவிழ்த்தால் முடிந்தது. லோட்டஸ் செவனின் கதை சற்று வேறு. 1957-இல் வந்த அந்தக் காரின் உரிமையை 1973-இல் கேட்டர்ஹாம் முறைப்படி வாங்கிக்கொண்டு இன்றுவரை செய்துவருகிறது. அதை நகல் என்றால் கேட்டர்ஹாம்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது.

இன்னொருவர் வடிவத்தைக் காப்பியடிப்பது சட்டப்படி குற்றமில்லையா?

யாருடைய வடிவம் என்பதைப் பொறுத்தது. ஃபெராரி என்றால் தலைவலி நிச்சயம்.

‘மயாமி வைஸ்’ தொலைக்காட்சித் தொடரில் நாயகன் ஓட்டிய கறுப்பு டேடோனா ஸ்பைடர், கார்வெட் காரின் மேல் ஃபைபர் போர்த்தியது. ஃபெராரி அதைச் செய்தவர் மேல் வழக்குப் போட்டது. தொடருக்கு அசல் டெஸ்டரோசா கார்களைக் கொடுத்தது. 1986-இல் மூன்றாம் பருவத்தின் தொடக்கத்திலேயே நகல் காரை ஏவுகணையால் தகர்த்துக் கணக்கு முடித்தார்கள். அதே ஆண்டு வந்த ‘ஃபெரிஸ் பியூலர்ஸ் டே ஆஃப்’ படத்தில் கண்ணாடிச் சுவரை உடைத்துக்கொண்டு பள்ளத்தில் விழும் சிவப்பு ஃபெராரியும் நகல்தான். வேடிக்கை என்னவென்றால், படத்துக்காகச் செய்த அந்த நகல்கள் இப்போது ஏலத்தில் லட்சக்கணக்கான டாலர் பெறுகின்றன. படத்தில் நடித்ததற்கான மதிப்பு அது.

சட்டப்படி முக்கியமானது 1991-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று வழங்கிய தீர்ப்பு. டேடோனா, டெஸ்டரோசா ஆகியவற்றின் ஃபைபர் நகல்களை விற்றவர், ‘வாங்குபவருக்கு இது ஃபெராரி இல்லை என்று தெரியும், யாரையும் ஏமாற்றவில்லையே’ என்று வாதாடினார். வாங்குபவருக்குத் தெரியலாம், தெருவில் பார்ப்பவருக்குத் தெரியாதே என்றது பெரும்பான்மை நீதிபதிகளின் தீர்ப்பு. காரின் தோற்றமே வணிக அடையாளம் என்று ஏற்கப்பட்டது. இத்தாலியில் போலோன்யா நீதிமன்றம் 2019-இல் ஒரு படி மேலே போய், 250 ஜி.டி.ஓ.வின் வடிவத்தைக் கலைப்படைப்பாகவே கருதியது.

ஷெல்பி தரப்பும் ஃபேக்டரி ஃபைவ் மீது வழக்குத் தொடுத்தது. அந்த நிறுவனம் இன்று ‘கோப்ரா’ என்ற பெயரைத் தொடாமல் ‘ரோட்ஸ்டர்’ என்றுதான் விற்கிறது. சூப்பர்ஃபார்மன்ஸோ ஷெல்பி நிறுவனத்திடமே உரிமம் பெற்றுவிட்டது. வாங்குபவர் கவனிக்க வேண்டியது இதுதான்: உரிமம் பெற்ற நகலுக்கு மறுவிற்பனையில் தனி மரியாதை உண்டு. வாங்கி ஓட்டும் தனிநபரைத் தேடி நிறுவனங்கள் வருவது அரிது. செய்து விற்பவர்தான் மாட்டுவார். 2019-இல் பிரேசிலின் இட்டஜாயியில் ஒரு பட்டறைக்குள் போலீஸ் நுழைந்து, பாதி முடிந்த ‘ஃபெராரி’, ‘லம்போர்கினி’களைக் கைப்பற்றியது அப்படித்தான்.

அமெரிக்காவில் 2015-இல் வந்த ஒரு சட்டம், 25 ஆண்டுக்கு மேல் பழைமையான கார்களின் நகல்களை ஆண்டுக்கு 325 வரை செய்துகொள்ளச் சிறு நிறுவனங்களை அனுமதிக்கிறது. நவீன மோதல் பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்கு. ஆனால் மூல நிறுவனத்திடம் வடிவத்துக்கான உரிமம் வேண்டும். சட்டம் 2015, நடைமுறை விதிகளோ 2022-இல்தான் வந்தன. அரசு இயந்திரம் எல்லா ஊரிலும் ஒரே வேகம்தான் போலிருக்கிறது.

பதிவுச் சான்றில் என்ன எழுதியிருக்கும்?

இந்தப் பொழுதுபோக்கில் கை சுடுவது பெரும்பாலும் எஞ்சினால் இல்லை, காகிதத்தால். அதனால் இந்தக் கேள்வியில் சற்று நின்று போவது நல்லது.

பிரிட்டனில் புதிதாகப் பூட்டிய நகல் கார் தெருவுக்கு வருமுன் ஐ.வி.ஏ. என்ற தனிவாகன ஒப்புதல் சோதனையில் தேற வேண்டும். 2009-இல் வந்த முறை. 1998 முதல் அதற்கு முந்தைய வடிவம் இருந்தது. பிரேக், விளக்கு, புகை, ஸ்டீயரிங் எல்லாம் பார்ப்பார்கள். காருக்கு வெளியிலும் உள்ளிலும் உடம்பைக் கிழிக்கும் கூரான விளிம்பு இருக்கக் கூடாது. கோப்ராவின் அழகே துருத்தி நிற்கும் உலோகச் சாமான்களில்தான்! அதனால் சோதனை நாளன்று விளிம்புகளுக்கு ரப்பர் பட்டை, மொழுக்கென்ற வேறு கண்ணாடி, வேறு ஸ்டீயரிங் எல்லாம் மாட்டிப் போய்த் தேறி, வீட்டுக்கு வந்து கழற்றுவோர் உண்டு. செய்வது தவறுதான். வாங்குபவர் இதைத் தெரிந்துவைத்திருந்தால், கார் அன்று தேறிய நிலையில்தான் இன்றும் இருக்கிறதா என்று கேட்கத் தோன்றும்.

தேறியபின் எந்த எண் கிடைக்கும்? எல்லாப் பாகமும் புதிது என்று ரசீதோடு காட்டினால் நடப்பு ஆண்டு எண். ஒரே பழைய காரின் முக்கியப் பாகங்களைப் புதிய கிட்டில் சேர்த்திருந்தால், அந்தக் காரின் வயதுக்கேற்ற எண். எது எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாவிட்டால் ‘க்யூ’ என்ற எழுத்தில் தொடங்கும் எண். க்யூ எண்ணில் சட்டக்குறை ஒன்றும் இல்லை, கார் ஓடும். ஆனால் விற்கப் போகும்போது அந்த ஓர் எழுத்துக்காகவே பேரம் இறங்கும்.

‘1965 மாடல், சாலை வரி விலக்கு’ என்று விளம்பரம் வந்தால் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். நாற்பது ஆண்டு கடந்த கார்களுக்கு பிரிட்டனில் அந்த விலக்கு உண்டு. நேற்றுப் பூட்டிய கோப்ராவுக்கு அது எப்படி வந்தது? எங்கோ மக்கிப்போன ஒரு பழைய காரின் பதிவை இதன்மேல் ஏற்றியிருப்பார்கள். அதிகாரிகள் கண்ணில் பட்டால் எண் பறிபோகும். மறுபடி சோதனை, மறுபடி பதிவு, இடையில் கார் கொட்டகையில். முந்தைய உரிமையாளர் செய்த குளறுபடிக்கு அன்று சாவி வைத்திருப்பவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். பீட்டில் அடித்தளத்தில் செய்த ஸ்பீட்ஸ்டரின் உரிமைப் பத்திரத்தில் ‘1967 ஃபோக்ஸ்வாகன்’ என்று இருப்பது சர்வசாதாரணம். அது நேர்மையானதும்கூட, அடித்தளம் உண்மையிலேயே அந்தப் பீட்டில்தானே. கலிஃபோர்னியாவில் புகைச் சோதனை கடுமை. தானாகப் பூட்டிய கார், எந்த ஆண்டுக் காரைப் போலத் தோன்றுகிறதோ அந்த ஆண்டின் விதிப்படி நடத்தப்பட அங்கே ஒரு வழி இருக்கிறது. ஆனால் ஆண்டுக்கு 500 கார்களுக்கு மட்டும். ஜனவரியில் முந்துபவருக்கு முதல் இடம். இந்த வரிசைக்குப் பயந்து, காரை 1965-இல் பிறந்ததாகவே பொய்ப் பதிவு செய்து பிறகு மாட்டிக்கொண்டவர்கள் பலர். கலிஃபோர்னியா கோப்ரா வாங்கும்போது எந்த வகைப் பதிவு என்பதைக் காரைப் பார்க்கப் போகுமுன் ஃபோனிலேயே கேட்டுவிடுவது பெட்ரோல் செலவையாவது மிச்சப்படுத்தும்.

வாங்கி விற்றால் லாபம் வருமா?

பிழைப்புக்கான லாபம் வராது. நிதானமாக நடந்துகொண்டால் அதிக நட்டமில்லாமல் ஓட்டிப் பார்க்கலாம். கணக்கு இப்படி.

கிட் வாங்கிப் பூட்டுபவர் பாகங்களுக்குக் கொடுத்த பணத்தைத் திரும்பப் பார்ப்பதே கடினம்; அவருடைய நூற்றுக்கணக்கான மணி நேர உழைப்புக்கு சந்தை சல்லிக்காசு தராது. அந்த நட்டம் முதல் உரிமையாளரோடு போகிறது. இரண்டாவதாக வாங்குபவர் அவருடைய உழைப்பை ஓசியில் பெறுகிறார். ஆகவே வாங்கி விற்கும் பொழுதுபோக்குக்காரர் செய்யக் கூடாத முதல் காரியம், தானே பூட்டத் தொடங்குவது. பூட்டுவதில் சுகம் காண்பவர் வேறு ஜாதி. அவருக்கு இந்தக் கணக்கே தேவையில்லை.

பாதியில் நின்ற கிட்டுகள் இதைவிட மலிவாகக் கிடைக்கும். மணமுறிவு, முதுகுவலி, பிறந்த குழந்தை, காரணம் எதுவாகவும் இருக்கலாம். விலையைப் பார்த்து மயங்காதீர்கள். எந்தப் பாகம் இருக்கிறது, எது தொலைந்தது என்று அதை விற்பவருக்கே தெரியாது.

கூரையில்லாத காரை பிரிட்டனில் நவம்பரில் வாங்கி ஏப்ரலில் விற்க வேண்டும். குளிரில் மூலையில் கிடப்பதைப் பார்த்து மனைவி ஏதாவது சொல்லியிருப்பார், விற்பவர் இறங்கிவருவார். வெயில் எட்டிப் பார்த்ததும் அதே காருக்கு இரண்டு பேர் போட்டிபோடுவார்கள். மே மாதத் தொடக்க விடுமுறையில் வார்விக்ஷயரின் ஸ்டோன்லியில் கூடும் கிட் கார் கண்காட்சிக்கு ஒருமுறை போனால், எந்த வார்ப்பு நன்றாக நிற்கிறது, யாருடைய சேஸி உறுதி, எது விலைபோகாது எல்லாம் ஒரே நாளில் காதில் விழும்.

ரசனை விஷயத்தில் கூட்டத்தோடு போவதே விற்பனைக்கு நல்லது. கோப்ரா என்றால் நீலத்தில் வெள்ளைப் பட்டை. எஞ்சின் ஃபோர்டாக இருந்தால் உத்தமம். செவர்லே வி8 மலிவு, நம்பிக்கையானது, பாகமும் எளிதில் கிடைக்கும்; ஆனால் கோப்ராவின் பானெட்டைத் திறந்து செவர்லே தெரிந்தால் முகம் சுளிப்போர் அதிகம். பிரிட்டிஷ் கிட்டுகளில் ரோவர் வி8 பரவலாகப் பொருத்தப்பட்டது. அடியில் பியூக் வடிவமைத்த அமெரிக்க அலுமினிய எஞ்சின்தான் அது; எடை குறைவு, விலையும் குறைவு.

இன்ஷூரன்ஸ், டயர், நிறுத்துமிடம், ஏலத் தரகு எல்லாம் கழித்துப் பார்த்தால் விற்பனையில் கிடைத்த ‘லாபம்’ பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். அதை ஓட்டிய சுகத்துக்கான கட்டணம் என்று எடுத்துக்கொள்பவர்தான் இதில் நீடிக்கிறார்.

பார்க்கப் போகும்போது எதைப் பார்ப்பது?

பெயின்ட் பளபளப்பைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் கேட்க வேண்டியது, யார் பூட்டியது? ஒரே வார்ப்பில் வந்த இரண்டு கார்களில் ஒன்று ஓய்வுபெற்ற பொறியாளர் கையில் பூட்டப்பட்டிருக்கும், மற்றது ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் கையில். பூட்டியவர் ஃபோட்டோக்கள், ரசீதுகள், கிட் நிறுவனத்தின் கையேடு எல்லாம் ஒரு கோப்பில் வைத்திருந்தால் பாதி நம்பிக்கை வந்துவிடும்.

ஃபைபர் துருப்பிடிக்காது, உண்மை. அதற்கடியில் இருக்கும் இரும்புக் குழாய் துருப்பிடிக்கும். காரை ஏற்றி நிறுத்தி அடியில் டார்ச் அடித்துப் பார்க்காமல் பணம் பேசக் கூடாது. வெல்டிங் தடங்கள் ஒரே சீராக ஓடுகின்றனவா, சஸ்பென்ஷன் பிடிக்கும் இடங்களில் விரிசல் உண்டா என்று பாருங்கள். பாடியில், கதவுக் கீல், பானெட் மூலைகளைச் சுற்றி நட்சத்திரம் போல மெல்லிய கீறல்கள் தெரிந்தால், சேஸி முறுக்கிக்கொண்டு பாடியை இழுக்கிறது என்று கொள்ளலாம். பெயின்ட்தானே, பூசிவிடலாம் என்று விற்பவர் சொல்வார். பூசிய ஒரு கோடையில் திரும்ப வரும்.

என்னைக் கேட்டால் பயப்பட வேண்டியது வயரிங்குக்கு. டாஷ்போர்டுக்கு அடியில் குனிந்து பாருங்கள். நிறம் நிறமாக, கட்டுக்கட்டாக, ஃப்யூஸ் பெட்டியில் எழுத்தோடு இருந்தால் சரி. ஒரே சிவப்பு வயரில் முறுக்கி டேப் சுற்றியிருந்தால், மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பலாம். பெட்ரோல் டாங்குக்கு அருகில் வயர் ஓடும் பிளாஸ்டிக் பாடி கார் அது.

கடைசியில் உள்ளே ஏறி உட்காருங்கள். கோப்ராவின் கால் வைக்குமிடம் குறுகல். பெடல்கள் சற்று ஒருபக்கம் ஒதுங்கியிருக்கும். அகலமான ஷூ போட்டால் பிரேக்கோடு ஆக்ஸிலரேட்டரையும் மிதிக்க நேரும். பக்கவாட்டுப் புகைக்குழாய் வைத்த காரிலிருந்து அரைக்கால் சட்டையோடு இறங்கினால் கெண்டைக்காலில் சூடு நிச்சயம். அந்தத் தழும்பை அமெரிக்கக் கோப்ராக்காரர்கள் பாம்புக்கடி என்று பெருமையாகக் காட்டுகிறார்கள்.

நகலை அசல் என்று தலையில் கட்டிவிட மாட்டார்களா?

கோப்ராவில் அது எளிதல்ல. ஷெல்பி அமெரிக்கன் ஆட்டோமொபைல் கிளப் சேஸி எண் வாரியாக ஒவ்வொரு அசலின் வரலாற்றையும் பதிவேடாக வெளியிட்டிருக்கிறது. எண்ணைச் சொன்னால் எந்த ஆண்டு யாரிடம் போனது, எங்கே மோதியது வரை சொல்லிவிடுவார்கள்.

சிக்கல் வந்தது, படைத்தவரிடமிருந்தே! 1960-களில் மிச்சமாகக் கிடந்த சேஸிகளைக் கொண்டு பழைய எண்களிலேயே கோப்ராக்களை முடித்து விற்பதாக 1990-களின் தொடக்கத்தில் ஷெல்பி அறிவித்தார். அந்தச் சேஸிகள் பழையவை அல்ல, அண்மையில் செய்தவை என்று 1993-இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் எழுதியது. பிறகு அவருடைய நிறுவனம் சி.எஸ்.எக்ஸ். 4000 என்ற புதிய எண் வரிசையில், புதிய கார் என்று வெளிப்படையாகச் சொல்லியே விற்கத் தொடங்கியது. அந்த வரிசைக்கு இன்று நல்ல விலை. உண்மையைச் சொல்லி விற்றதில் யாருக்கும் நட்டம் வரவில்லை.

ஃபெராரியில் வேறு மாதிரிக் கொடுமை நடந்தது. 250 ஜி.டி.ஓ. மொத்தம் 36 தான்; 2023 நவம்பரில் நியூயார்க்கில் ஒன்று 5 கோடியே 17 லட்சம் டாலருக்குப் போனது. அதன் உறவான 250 ஜி.டி.இ. நான்கு இருக்கைக் குடும்பக் கார்; ஒரு காலத்தில் கேட்பாரற்றுக் கிடந்தது. பலர் அதை வாங்கி, பாடியைக் கழற்றி எறிந்து, எஞ்சினையும் சேஸியையும் எடுத்து ஜி.டி.ஓ. நகல் அடித்தார்கள். நகலுக்காக ஓர் அசலை அறுத்த இந்த வேலையை எந்த ரசனையின் பேரிலும் ஏற்க எனக்கு மனமில்லை. இப்போது ஜி.டி.இ.க்கே விலை ஏறிவிட்டதால் கத்தி ஓய்ந்திருக்கிறது.

கார் நிறுவனங்களே நகல் செய்கின்றனவாமே?

செய்கின்றன, பெயர் மட்டும் ‘தொடர்ச்சி’. 1957 பிப்ரவரி 12-ஆம் தேதி கவன்ட்ரியில் ஜாகுவாரின் பிரவுன்ஸ் லேன் ஆலை தீப்பிடித்தபோது, கப்பலேற நின்ற ஒன்பது எக்ஸ்.கே.எஸ்.எஸ். கார்கள் எரிந்தன. அந்த ஒன்பதையும் இப்போது செய்துதருகிறோம் என்று 2016-இல் ஜாகுவார் அறிவித்தது. ஒவ்வொன்றும் பத்து லட்சம் பவுண்டுக்கு மேல். ஆஸ்டன் மார்ட்டின், ஜேம்ஸ் பாண்ட் படத்து டி.பி.5 காரை நம்பர் பிளேட் சுழலும் வித்தையோடு 25 பேருக்குச் செய்துகொடுத்தது. விலை 27.5 லட்சம் பவுண்டு, வரி தனி. அதைச் சாலையில் ஓட்ட அனுமதி கிடையாது! அதனோடு ஒப்பிட்டால் ஸ்டோன்லி மைதானத்தில் நிற்கும் முப்பதாயிரம் பவுண்டு நகலே மேல். மழை வராதவரை எங்கும் போகலாம்.

காப்பீடு, வரி?

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இதற்கென்றே தனி நிறுவனங்கள் இருக்கின்றன. ‘ஒப்புக்கொண்ட மதிப்பு’ முறையில் பாலிசி எடுக்க வேண்டும். இல்லையென்றால் விபத்துக்குப் பின், இது என்ன கார், இதற்கு என்ன விலை என்று மதிப்பீட்டாளர் தலையைச் சொறிவார்.

சொந்த உபயோகக் காரை விற்றுக் கிடைக்கும் ஆதாயத்துக்கு பிரிட்டனில் மூலதன ஆதாய வரி இல்லை. அதை நம்பி அடுத்தடுத்து வாங்கி விற்றால், இது பொழுதுபோக்கா வியாபாரமா என்று வருமான வரித் துறை கேட்கும். லாப நோக்கம், எத்தனை முறை, எவ்வளவு நாள் கையில் இருந்தது என்றெல்லாம் பார்ப்பார்கள். அமெரிக்காவில் உரிமமில்லாமல் எத்தனை விற்கலாம் என்பதை மாநிலம் முடிவு செய்கிறது. ஃபுளோரிடாவில் பன்னிரண்டு மாதத்தில் மூன்று விற்றாலே வியாபாரி என்று கருத இடமுண்டு.

லண்டனில் வாங்கிச் சென்னைக்குக் கொண்டுவரலாமா?

வேண்டாம். பழைய கார் இறக்குமதிக்கு, செய்து மூன்று ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும் என்பதில் தொடங்கி நிபந்தனைகள் பல. வரியும் சேர்ந்தால் விலை இரட்டிப்புக்கும் மேல் போகும். ஐம்பது ஆண்டு கடந்த கார்களுக்கு 2021-இல் வந்த ‘வின்டேஜ்’ பதிவு நகலுக்குப் பொருந்தாது. தோற்றம் 1965, பிறப்பு நேற்று. இங்கேயே ஒரு பழைய காரை அறுத்து உருமாற்றலாம் என்று நினைத்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த மூல வடிவத்தை மாற்றிய வாகனத்தைப் பதிவு செய்ய முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. முறையாகச் செய்து காட்டியவர்கள் இல்லாமல் இல்லை. மகாராஷ்டிராவின் அலிபாகில் சின்காரா மோட்டார்ஸ் லோட்டஸ் செவன் சாயலில் ஒரு ரோட்ஸ்டர் செய்தது. அதற்குள் இருந்தது நம் அம்பாசடரில் ஓடிய 1.8 லிட்டர் இசுசு எஞ்சின். பழைய கார்ச் சந்தையில் அப்படி ஒன்று கண்ணில் பட்டால், முதலில் ஆர்.சி.யை வாங்கிப் பாருங்கள்.